பூச்சிக்கடி இல்லை அக்கா, மறுதாம்புச் சோளம்

கால்நடை மருத்துவரான எனக்கு இந்தக் கோடையில் இது மூன்றாவது மாடு. விருத்தாசலம் பக்கம் ஒரு கிராமம். நான் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. ஈன்று இரண்டு மாதமே ஆன கறவை. கடைவாயில் பாதி மென்ற சோளக்குருத்து அப்படியே இருந்தது. கீழ் இமையை விலக்கிப் பார்த்தால் உள்ளே பளிச்சென்று சிவப்பு. "பூச்சிதான் சார் தொட்டிருக்கும்" என்று அழுதார் அந்த அக்கா. ஊரில் பாம்பைத்தான் பூச்சி என்பார்கள். கூட நின்றவர்களும் அதையே சொன்னார்கள்.

எத்தனை முறை சொல்வது? கூடவே மேய்ந்த கிடாரியும் அதே நேரத்தில் மூச்சிரைத்துத் தள்ளாடிக்கொண்டிருந்தது. ஒரே வயலில் மேய்ந்த இரண்டு மாடுகள் கால் மணி நேரத்துக்குள் சாய்ந்தால் அது பாம்பில்லை. கண்ணாடிவிரியன் கடித்தால் கடிவாய் வீங்கும். சோளக்குருத்தில் உள்ள சயனைடு நஞ்சில் வீக்கம் இருக்காது. இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உடல் அதை எடுத்துக்கொள்ள முடியாது, அதனால்தான் அந்தச் சிவப்பு. கிடாரிக்கு நரம்பில் நஞ்சுமுறிவு மருந்துகளான சோடியம் நைட்ரைட்டும் ஹைப்போவும் (சோடியம் தயோசல்பேட்) போட்டோம், பிழைத்துக்கொண்டது. பூச்சிக்கடி என்று வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.

"போன வாரமும் தின்னுச்சே, ஒண்ணும் ஆகலையே?" என்பார்கள். போன வாரம் தின்றது முற்றின தட்டை. வறட்சியில் நின்றுபோன சோளமும், அறுத்த தாம்பில் மழைக்குப் பிறகு துளிர்க்கும் குருத்தும்தான் ஆபத்து. பசியோடு அவிழ்த்துவிட்ட மாடு அதை அள்ளித் தின்றுவிடும். பூத்த பிறகு அறுத்துப் போடுங்கள். கோ.எஃப்.எஸ் 29 என்ற தீவனச் சோள ரகம் என்றால் முதல் அறுப்புக்கு 65 நாள், அப்புறம் 50 நாளுக்கு ஒரு முறை. அவசரப்படாதீர்கள். அரைகுறையாக வாடியதை நம்பாதீர்கள், நன்றாகக் காய்ந்தால்தான் நஞ்சு குறையும்.

கிணற்றுத் தண்ணீர் உள்ளவர்கள் சோளத்தையே நம்பி இருக்க வேண்டாம். பத்து சென்டில் கம்பு நேப்பியர் என்ற தீவனப் புல்லின் கரணை (தண்டுத் துண்டு) ஊன்றினால் ஒரு மாட்டுக்குத் தாராளம், சோளத்தில் உள்ள இந்தப் பயமும் இல்லை. இரண்டு கணு உள்ள கரணை போதும். முதல் அறுப்பு 75 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒன்று. பாத்தி பாத்தியாக முறை வைத்து அறுத்தால் தினமும் இளம்புல் கிடைக்கும். இங்கே தவறு நேர்மாறாக நடக்கிறது. எடை கூடட்டும் என்று மூன்று மாதம் விட்டுவிடுகிறார்கள். கரும்பு மாதிரி முற்றிய தண்டை மாடு தொட்டியில் ஒதுக்கிவிடும். பால் குறையும், அதை ஈடுகட்டப் புண்ணாக்கு மூட்டைக்குப் பணம் போகும். வரப்பில் பயறுவகைத் தீவனமான வேலிமசாலோ அகத்தியோ வைத்தால் அந்தச் செலவில் கொஞ்சம் மிச்சமாகும். தீவனத்தில் நாலில் ஒரு பங்கு அது இருக்கட்டும்.

மாடு விழுந்துவிட்டால் வாயில் எண்ணெய், மோர் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். மற்ற மாடுகளை வயலை விட்டு ஓட்டுங்கள். உடனே மருத்துவருக்கோ 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்கோ போன் போடுங்கள். எடுத்த எடுப்பில் "சோளம் தின்றது" என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் ஹைப்போவைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.