பார்பிக்யூ சாஸ்: ‘வாட்டிறைச்சிக் குழம்பு’ வேண்டவே வேண்டாம்

தணலில் வேகும் கறிக்குத் தடவுகிற பார்பிக்யூ சாஸுக்குத் தமிழ்ச் சொல் இல்லாததால் யார் வீட்டு உலையும் கொதிக்காமல் நின்றுவிடவில்லை. ஆனால் ‘வாட்டிறைச்சிக் குழம்பு’ என்று ஒன்றைக் கிளப்பிவிட்டிருக்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. சமையல் வீடியோக்களின் கீழே ஓடும் எழுத்தில் அது, பாட்டிலின் முதுகில் ஒட்டிய தமிழ்ச் சீட்டிலும் அது. தஞ்சாவூரில் ஒரு கடையில் பெரியவர் ஒருவர் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, “இதைச் சோத்துல ஊத்திப் பெசஞ்சுக்கலாமா தம்பி?” என்று கேட்டார். அவர் மேல் என்ன தப்பு? குழம்பு என்று எழுதிவைத்தால் டெல்டாக்காரர் வேறு எதைக் கேட்பார்?

சரி, முதலில் மூலத்தைப் பார்த்துவிடுவோம். கரீபியன் தீவுகளில் இருந்த தைனோ மக்களின் ‘பார்பகோவா’வை ஸ்பானியர்கள் 16-ஆம் நூற்றாண்டில் எடுத்துக்கொண்டார்கள், அது ஆங்கிலத்துக்குப் போய் பார்பிக்யூ ஆனது. கவைக்கொம்பு நட்டு, மேலே குச்சிகளைப் பரப்பிக் கட்டிய தட்டுக்குத்தான் அந்தப் பெயர். அதன் மேல் படுத்தார்கள், தானியம் வைத்தார்கள், கீழே நெருப்பு மூட்டி மீனையும் இறைச்சியையும் வேகவைத்தார்கள். நம் ஊர்ப் பரண்தான், வேறென்ன. ‘தாடி முதல் வால் வரை’ என்ற பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது என்பது சும்மா கட்டிவிட்ட கதை. சாஸ் என்பது லத்தீனில் உப்பிட்டது என்று பொருள்படும் ‘சல்சா’விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. இதற்கு மேல் மூலத்தில் சண்டை இல்லை.

சண்டை ‘வாட்டு’ என்ற சொல்லில் இருக்கிறது. இலையை வாட்டுவோம், பொட்டலம் மடிக்கும்போது கிழியாமல் இருப்பதற்காக. மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறக்காமல் இழுத்தடித்தால் குறுவை வாடும். ஈரம் கொஞ்சம் போய்த் துவள்வது, அதுதான் வாட்டம். கருவாட்டை யாராவது வாட்டினேன் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நாகப்பட்டினத்துப் பக்கம் போய்ப் பாருங்கள், பழைய சோற்றுக்குச் சுட்ட கருவாடு என்றுதான் சொல்வார்கள். அப்பளம் சுடுகிறோம், வயல் நண்டைச் சுடுகிறோம், கத்தரிக்காயைச் சுட்டுத் தோலை உரிக்கிறோம். இத்தனைக்கும் போதுமாக இருந்த ‘சுடு’, கோழிக்காலுக்கு மட்டும் ஏன் போதவில்லை?

இதற்கு ஒரு மறுவாதம் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அசல் பார்பிக்யூ என்பது நேரடி நெருப்பில் செய்வது கிடையாது, ஏறத்தாழ 110 டிகிரி செல்சியஸ் சூட்டில் புகையோடு பல மணி நேரம் மெல்ல வேகவிடுவது, ஆகவே மென்மையான ‘வாட்டு’தான் பொருந்தும் என்கிறார்கள். மெல்ல வேகிறது என்பதுவரை சரி. ஆனால் வாட்டிய இலை வாட்டிய பிறகும் பச்சைதானே! பன்னிரண்டு மணி நேரம் அடுப்பில் கிடந்து எலும்பிலிருந்து தானாகக் கழன்று விழுகிற மாட்டுக்கறியை வாட்டியது என்றால், வெந்தது என்று எதைச் சொல்வது? இன்னொரு கட்சி, ‘சுடு’ என்றால் துப்பாக்கி நினைவு வருகிறது, சுடுகாடு நினைவு வருகிறது என்கிறது. வடை சுட்ட பாட்டியை இன்றுவரை யாரும் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போகவில்லை.

போதாததற்கு, இந்தச் சொல்லுக்குக் காவிரிக்கரையிலேயே பழைய சாட்சி உண்டு. கரிகாலன் வீட்டு விருந்தைப் பாடும் பொருநராற்றுப்படையில் ‘காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை’ வருகிறது. காழ் என்றால் இரும்புக் கம்பி. அதில் கோத்துச் சுட்ட கொழுத்த கறித்துண்டு. சூடு தாங்காமல் வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி ஒதுக்கித் தின்றார்களாம். சோழன் பந்தியிலேயே ‘சுட்ட’ என்று பரிமாறியாகிவிட்டது, நாம் எதற்கு இலை வாட்டுகிற வினையை இரவல் வாங்க வேண்டும்?

சுட்டிறைச்சி என்றும் சொல்லலாம், எனக்குச் சுட்டகறி பிடிக்கும், பேச்சில் வருவது அதுதான். கறி என்றால் பழந்தமிழில் மிளகு என்று உடனே ஒருவர் வருவார். உண்மைதான், பட்டினப்பாலையில் பூம்புகார்த் தெருவில் கிடக்கும் ‘கருங்கறி மூடை’ மிளகு மூட்டைதான். ஆனால் இன்று மயிலாடுதுறைக் கடைத்தெருவில் அரைக்கிலோ கறி கேட்டால் மிளகா நிறுத்துக் கொடுக்கிறார்கள்? தூய்மை பேசுகிறவர்கள் கொஞ்சம் சந்தைக்கும் போய்வர வேண்டும்.

அடுத்து குழம்பு. இது வெறும் ரசனைக் குறை என்றால் விட்டுவிடலாம், ஆனால் சமையலையே கெடுக்கிறது. குழம்பு என்று படித்தவர் கோழியை அதில் ஊறப்போட்டு அப்படியே தணல் மேல் வைக்கிறார். சாஸில் சர்க்கரை அதிகம், சர்க்கரை 160 டிகிரிக்குப் பக்கத்திலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும், தணல் அதைவிடக் கடுமையாக இருக்கும். கறி வேகும் முன்னே மேல் பூச்சு கரியாகி, “இந்தச் சாஸே கசப்பு” என்று பாட்டிலுக்குக் கெட்ட பெயர். கறி முக்கால்வாசிக்கு மேல் வெந்த பிறகு, கடைசிப் பத்து நிமிடத்தில் தடவ வேண்டிய பொருள் அது. அல்லது தட்டில் வைத்துத் தொட்டுக்கொள்ளலாம். ஒரு பெயர் தப்பாகப் போனால் அடுப்பில் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

‘சாறு’ என்பவர்களும் உண்டு. எங்கள் பக்கம் பல வீடுகளில் சாறு என்றால் ரசம், அதனால் அது இன்னும் மோசம். சோயா சாஸுக்கு வேண்டுமானால் பொருந்தும், தண்ணீராக ஓடும். ‘சுவைக்கூழ்’ என்று ஒன்று பார்த்தேன், ஆடி மாதத்து அண்டாதான் கண்ணுக்கு வந்தது. புளிக்காய்ச்சலை வைத்து ‘சூட்டுக்காய்ச்சல்’ என்று நானே ஒருமுறை விளையாட்டாகச் சொன்னேன், நண்பர் உடனே மருந்துக்கடைக்கு வழி காட்டினார்.

கெட்டியாக, புளிப்பும் இனிப்பும் காரமுமாக, சுண்டக் காய்ச்சி, கொஞ்சமாக எடுத்துத் தடவியோ தொட்டோ தின்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற சொல் தொக்கு. ஆகவே சுட்டகறித் தொக்கு. பேச்சில் பார்பிக்யூ சாஸ் என்றே சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு அதில் வருத்தமே இல்லை. புரியாத தமிழைவிடப் புரிகிற இரவல் மேல்.

பாட்டில் வாங்குகிறவர்களுக்கும் தொக்கு என்ற சொல் ஓரளவு உதவும். கடைகளில் அதிகம் கிடைப்பது கான்சாஸ் சிட்டி பாணி, தக்காளியும் மொலாசஸ் என்ற கருப்புச் சர்க்கரைப் பாகும் சேர்ந்து கெட்டியாக, இனிப்பாக இருக்கும். அது தொக்கேதான். தென் கரோலினாவில் கடுகு சேர்ந்த மஞ்சள் சாஸ் உண்டு, அலபாமாவில் 1925 முதல் மயோனைஸ் கலந்த வெள்ளைச் சாஸ் இருக்கிறது. கிழக்கு வட கரோலினாக்காரர்கள் தக்காளியே போடாமல் காடியும் (வினிகர்) மிளகாயும் மட்டும் கலப்பார்கள். அது ஒன்றைத்தான் சாறு என்று சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

எதை வாங்கினாலும் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். அதிக எடையில் இருப்பதுதான் முதலில் வர வேண்டும் என்பது விதி. முதல் பெயரே சர்க்கரை அல்லது குளுக்கோஸ் சிரப் என்றால் நான் திரும்ப வைத்துவிடுவேன். தக்காளி விழுதோ காடியோ முதலில் இருந்தால் கையில் எடுக்கலாம். இனிப்பு வகைகளில் 100 கிராமுக்கு 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பது சர்வசாதாரணம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பன்னீருக்குத் தடவ வாங்குகிற சைவக்காரர்கள் பச்சை வட்டத்தைத் தேடுங்கள், ஏனென்றால் சிலவற்றில் வூஸ்டர்ஷைர் சாஸ் சேர்த்திருப்பார்கள், அதில் வழக்கமாக நெத்திலி வகை மீன் உண்டு.

சேர்மானத்தில் ‘திரவப் புகை’ என்று ஒன்று கண்ணில் படும். இதுவும் அதே மொழிபெயர்ப்பாளர் கைவண்ணம்தான் போல. கட்டையை எரித்து வரும் புகையைக் குளிரவைத்து நீரில் பிடிப்பது அது. புகைநீர் என்று எழுதினால் எழுத்தும் மிச்சம், விஷயமும் விளங்கும். பாட்டிலுக்குச் சீட்டு அடிக்கிறவர்கள் முன்பக்கம் பெரிதாக ‘பார்பிக்யூ சாஸ்’ என்று தமிழ் எழுத்தில் போடட்டும், அதன் கீழே பொடி எழுத்தில் ‘சுட்டகறித் தொக்கு, கறி வெந்த பிறகு தடவவும்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.