கலப்புப் பள்ளிக்குள்ளே தனித்தனி வகுப்புகள்

ஆண்டறிக்கையில் “எல்லா இனத்துப் பிள்ளைகளும் எங்களிடம் படிக்கிறார்கள்” என்று ஒரு வரி வந்துவிட்டால், இனப்பிரிவு பற்றிய பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. அந்த வரி பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பள்ளியின் மொத்தக் கணக்கு, கேட்டைத் தாண்டி உள்ளே வந்தவர்கள் யார் என்று மட்டும் சொல்லும். யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பது செக்‌ஷன் வருகைப் பதிவேட்டில்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஆறாம் வகுப்பில் 160 பேர். அவர்களில் சிறுபான்மை இனத்தவர் 40 பேர், அதாவது கால் பங்கு. நாற்பது பேர் கொண்ட நான்கு செக்‌ஷன்களில் அவர்கள் 24, 10, 4, 2 என்று இருக்கிறார்கள். ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் இரண்டு விகிதம் எடுங்கள்: சிறுபான்மையினர் 40 பேரில் எத்தனை சதவீதம் இங்கே இருக்கிறார்கள், மற்றவர்கள் 120 பேரில் எத்தனை சதவீதம் இங்கே இருக்கிறார்கள். முதல் செக்‌ஷனில் இது 60-ம் 13.3-ம், வித்தியாசம் 46.7. மற்ற மூன்றில் வித்தியாசம் 0, 20, 26.7. எல்லாவற்றையும் கூட்டிப் பாதியாக்கினால் ஏறத்தாழ 47. இதுதான் பிரிவினைக் குறியீடு. மற்றவர்களை அசைக்காமல் பங்கீட்டைச் சீராக்க வேண்டுமானால் சிறுபான்மைப் பிள்ளைகளில் 47 சதவீதம் பேர் செக்‌ஷன் மாற வேண்டும் என்று அதற்குப் பொருள். இதே கணக்கை ஓர் ஊரின் பள்ளிகளுக்கும், ஒரு நகரத்தின் வட்டாரங்களுக்கும் போடலாம். 30-க்குக் கீழே குறைவு, 60-க்கு மேலே கடுமை என்று ஆய்வாளர்கள் பொதுவாகக் கொள்வது ஊர், வட்டார அளவுக்குத்தான்.

இந்த எண் ஏமாற்றும் இடங்களும் உண்டு. வகுப்பில் சிறுபான்மையினர் ஏழெட்டுப் பேர்தான் என்றால், யாரும் பிரிக்காமலேயே தற்செயலாகக் குறியீடு ஏறிவிடும். ஒரே ஆண்டை நம்பாமல் மூன்று ஆண்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லாப் பள்ளியிலும் 90 சதவீதம் ஒரே இனம் இருக்கும் ஊரில் குறியீடு பூஜ்யம் காட்டும். அந்த ஊரைக் கலப்பு ஊர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் இன்னொன்றையும் பார்ப்பது நல்லது: ஒரு சிறுபான்மைப் பிள்ளை சராசரியாகத் தன் வகுப்பில் காணும் தன்னினத்தார் விகிதம். மேலே சொன்ன வகுப்பில் அது 43.5 சதவீதம். பள்ளியின் விகிதமோ 25.

இப்படி யாரும் வேண்டுமென்று பிரிப்பதில்லை. பெரும்பாலும் டைம்டேபிள் போடுபவரின் வசதிதான் பிரிக்கிறது. ஒரு மொழிப்பாடத்தை எடுத்தவர்களை எல்லாம் ஒரே செக்‌ஷனில் போட்டால் ஆசிரியர் ஒதுக்கீடு சுலபம். அந்த மொழியை எடுப்பவர்கள் பெரும்பாலும் ஓரினத்தவராக இருந்தால், கணக்கும் அறிவியலும் விளையாட்டும் கூட அந்த இனத்துக்குத் தனியாகவே நடக்கும். மாற்று வழி: மொழிப்பாட நேரத்தை எல்லா செக்‌ஷனுக்கும் ஒரே பீரியடில் வைப்பது. அந்த ஒரு பீரியடுக்கு மட்டும் பிள்ளைகள் மொழிவாரியாகப் பிரிந்து போய்த் திரும்பி வருவார்கள். இதற்கு மொழிக்குழுக்கள் எத்தனையோ அத்தனை அறைகளும் ஆசிரியர்களும் ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டும். ஒரு மொழிக்கு ஒரே ஆசிரியர் இருந்து, அவர் ஒரே நேரத்தில் மூன்று வகுப்புகளுக்குப் போக வேண்டியிருந்தால் அந்த ஏற்பாடு உடையும்; ஆகவே டைம்டேபிளில் முதலில் அடைக்க வேண்டிய கட்டம் அவருடையது. நடைமுறையில் அது கடைசியில் அடைக்கப்படுகிறது.

தகுதிவாரி செக்‌ஷன் இரண்டாவது காரணம். சேர்க்கைத் தேர்வு பெரும்பான்மை மொழியில் இருந்தால், கணக்குத் தேர்வும் மொழித் தேர்வாகிவிடும். இதன் கடைக்கோடி எடுத்துக்காட்டு செக் குடியரசின் ஓஸ்ட்ராவா நகரம். அங்கே ரோமா என்ற சிறுபான்மை இனப் பிள்ளைகள் மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறப்புப் பள்ளிகளுக்குத் தேர்வின் பேரில் அனுப்பப்பட்டார்கள். 18 பிள்ளைகள் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007 நவம்பரில் அது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. பெற்றோர் கையெழுத்துப் போட்டார்களே என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. விளைவு தெரியாமல் போட்ட கையெழுத்து இந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாகாது. படிவத்தில் ஒப்புதல் வாங்கி வைத்திருக்கிறோம் என்று சொல்லும் எந்த நிர்வாகமும் இதைப் படிக்க வேண்டும்.

பள்ளிக்கு வெளியே வந்தால் குடியிருப்பு. அமெரிக்காவில் 1930-களில் வீட்டுக்கடன் அமைப்பு ஒன்று நகர வரைபடங்களில் பகுதிகளைத் தரம் பிரித்து, கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளைப் பெரும்பாலும் சிவப்பில் குறித்தது. அப்படிப்பட்ட பகுதிகளுக்குக் கடன் கிடைப்பது அரிதானது. கடன் இல்லாததால் வீட்டு மதிப்பு ஏறவில்லை. சொத்துவரியை நம்பியிருந்த பள்ளிக்கு வருமானமும் ஏறவில்லை. வீட்டுப் பாகுபாட்டை 1968-இல் சட்டம் தடுத்தது. ஆனால் 1974-இல் டெட்ராய்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், நகரத்தின் பிரிவினையைத் தீர்க்கப் புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் சேர்த்துக்கொள்ள முடியாது என்று 5-4 எனத் தீர்ப்புச் சொன்னது. வெள்ளையர் புறநகருக்குப் போன பிறகு நகரத்துக்குள் மட்டும் கலப்பதற்கு யார் மிச்சம்? எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதிலேயே பாதி முடிவு அடங்கிவிடுகிறது.

எல்லைக்கோட்டை நாமே பரிசோதிக்க ஒரு வழி: பள்ளிச் சேர்க்கை எல்லையை வரைபடத்தில் வைத்து, அருகில் இன்னொரு பள்ளி இருந்தும் தொலைவிலுள்ள பள்ளிக்குப் போகும் தெருக்களைக் குறியுங்கள். அந்தத் தெருக்களில் யார் வசிக்கிறார்கள், அந்த வளைவுக்கு ரயில்பாதை, ஆறு, நெடுஞ்சாலை போன்ற காரணம் உண்டா என்று கேளுங்கள். காரணம் இல்லாத வளைவுகளைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

சிங்கப்பூர் நேர்மாறான வழியில் போனது. அங்கே வசிப்போரில் ஐந்தில் ஏறத்தாழ நான்கு பேர் அரசுக் குடியிருப்பில் இருக்கிறார்கள். 1989 முதல் ஒவ்வொரு பிளாக்குக்கும் வட்டாரத்துக்கும் இனவாரி உச்சவரம்பு உண்டு. மலாய்க்காரருக்கு வட்டாரத்தில் 22, பிளாக்கில் 25 சதவீதம்; சீனருக்கு 84, 87; இந்தியர், பிற இனத்தவருக்கு 2010 முதல் 12, 15. விலையும் உண்டு: சீனர் வரம்பு நிறைந்த பிளாக்கில் இந்தியர் ஒருவர் வீட்டை விற்க வேண்டுமானால், வாங்குபவர் சீனராக இருக்க முடியாது. வாங்குவோர் குறைய, விலையும் குறையும், காலமும் இழுக்கும். அதே நாட்டில் 1979-இல் தொடங்கிய சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள் சீன மொழியையும் பண்பாட்டையும் மையமாகக் கொண்டவை. தமிழ், மலாய்ப் பிள்ளைகள் அங்கே இல்லை என்றே சொல்லலாம். மாடிப்படியில் கலந்தவர்கள் வகுப்பறையில் பிரிகிறார்கள்.

அப்படியானால் மலேசியாவின் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளும், இலங்கையின் தமிழ்மொழிப் பள்ளிகளும் பிரிவினையா? இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சரியில்லை என்பது எங்கள் கருத்து. தாய்மொழியில் படிக்கக் கேட்டுப் பெற்ற உரிமை வேறு. வேறு இடம் இல்லாமல் தள்ளப்பட்ட வகுப்பு வேறு. எதுவென்று அறிய மூன்று கேள்விகள் போதும். விரும்பினால் நடுவில் மாற முடியுமா? ஆசிரியரும் ஆய்வகமும் மற்றப் பள்ளிகளுக்குச் சமமாக இருக்கின்றனவா? அடுத்த கட்டப் படிப்புக்குப் போகும்போது அந்தச் சான்றிதழுக்குச் சம மதிப்பு உண்டா? மூன்றுக்கும் ஆம் என்றால், பகிர்ந்த விளையாட்டு, கூட்டுச் செயல்திட்டம் போன்றவற்றைச் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். நட்பு விழாக்கள் அதற்கு ஈடாகாது.

கணக்கெடுக்கும்போது பிள்ளைகளிடம் நேராக இனம் கேட்க வேண்டாம். சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் பேசும் மொழி, பெற்றோர் பிறந்த நாடு ஆகியவை இருந்தாலே பெரும்பாலும் போதும். வகுப்புவாரி அட்டவணையை வெளியே கொடுக்கும்போது பத்துக்குக் குறைவான எண்கள் வரும் கட்டங்களை மறையுங்கள். இரண்டு பேர் என்று போட்டால் அந்த இருவர் யாரென்று பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். கூட்டுத்தொகையில் இருந்து கழித்து மறைத்ததைக் கண்டுபிடிக்க முடியாதபடி இன்னொரு கட்டத்தையும் சேர்த்து மறைக்க வேண்டும். இந்தக் கணக்கு அடுத்த ஆண்டின் செக்‌ஷன் பட்டியல் ஒட்டப்படுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பட்டியல் ஒட்டிய பிறகு ஒரு பிள்ளையை மாற்றுவது பெற்றோருக்குத் தண்டனையாகத்தான் தெரியும்.