உறைந்த பழத்தை முதலில் எடை போடுங்கள், அப்புறம் அடுப்பில் வையுங்கள்

"பழம் வீணாகுதேன்னு ஃப்ரீசரைக் காலி பண்ணேன், சுகர் ஏறிடுச்சு." ஊட்டச்சத்து ஆலோசனைக்கு வருபவர்களிடம் இதை அவ்வப்போது கேட்கிறேன். கடைசியாகச் சொன்னவருக்கு மாத்திரை மாறவில்லை, நடைப்பயிற்சியும் நிற்கவில்லை, ஆனால் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கிற அளவு மட்டும் இரண்டு வாரமாக 200-ஐத் தாண்டிக்கொண்டிருந்தது. புதிதாக என்ன சேர்த்தீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டதில், உறைந்த மாம்பழத் துண்டுகளில் தினமும் ஒரு பெரிய டம்ளர் ஸ்மூத்தி அடிப்பது தெரியவந்தது. கூடவே இரண்டு ஸ்பூன் தேன். தேன் எதற்கு என்றால், "பழம் இனிக்கவே இல்லையே" என்கிறார்.

பழம் இனித்துக்கொண்டுதான் இருந்தது, நாக்குதான் ஏமாந்துவிட்டது. குளிர்ச்சியில் இனிப்பு நமக்கு மங்கலாகத்தான் தெரியும். ஐஸ்கிரீம் முழுக்க உருகிய பிறகு ஒரு வாய் குடித்துப் பாருங்கள், திகட்டும். உறைய வைப்பதால் பழத்தின் சர்க்கரை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஆனால் அது ஃப்ரீசரிலிருந்து தட்டுக்கு வருவதற்குள் நம் கண்ணையும் நாக்கையும் பலமுறை ஏமாற்றிவிடும். அதனால்தான் கல் மாதிரி இருக்கும்போதே எடை போடச் சொல்கிறேன். அதற்குப் பிறகு பார்க்கிற எந்த அளவும் நம்பத்தகுந்ததல்ல.

ஏனென்றால், உறையும்போது உண்டாகும் பனித்துகள்கள் பழத்தின் செல் சுவர்களைக் கிழித்துவிடுகின்றன, வெளியே எடுத்ததும் அது கொழகொழவென்று சாறு விட்டுச் சுருங்கிவிடும், அடுப்பில் வைத்தால் தண்ணீர் வற்றி இன்னும் பாதியாகும். 200 கிராம் மாம்பழத்தில் சுமார் 30 கிராம் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட், பழுத்த பழத்தில் பெரும்பாலும் சர்க்கரைதான்) இருக்கிறது. கிளறிக் கிளறி அது ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் அடங்கினாலும் அந்த 30 கிராம் எங்கேயும் போகவில்லை. "சர்க்கரையே போடலையே, கொஞ்சம்தானே சாப்பிட்டேன்" என்பதில் பாதிதான் உண்மை.

எல்லாப் பழமும் ஒன்றல்ல. 100 கிராமுக்கு ஸ்ட்ராபெர்ரியில் சுமார் 8 கிராம் மாவுச்சத்து, மாம்பழத்தில் 15, திராட்சையில் 18, வாழைப்பழத்தில் 23. ராஸ்பெர்ரியில் 12 என்றாலும் அதில் பாதிக்கு மேல் நார்ச்சத்து, அதனால் எனக்கு அது செல்லப்பிள்ளை. ஒரு வேளைக்குப் பழத்திலிருந்து 15 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஸ்ட்ராபெர்ரி கிட்டத்தட்ட 200 கிராம் வரை போகலாம், வாழைப்பழம் 65 கிராமோடு முடிந்துவிடும். உங்களுக்கான அளவு வேறாக இருக்கலாம், உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, தேங்கிக் கிடக்கிற பையை என்ன செய்வது? நான் அடிக்கடி சொல்லித்தருவது இதுதான்: 200 கிராம் ஸ்ட்ராபெர்ரியை உருகவிடாமல் அப்படியே பாத்திரத்தில் போட்டு, தண்ணீர் விடாமல், சிறு தீயில் ஏழெட்டு நிமிடம் வைத்து மசியுங்கள். எலுமிச்சைச் சாறு கொஞ்சம். இறக்கியதும் ஒரு மேசைக்கரண்டி சியா விதை. விட்ட சாற்றையெல்லாம் அதுவே உறிஞ்சிக் கெட்டியாக்கிவிடும், சோளமாவும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்குப் பழத்திலிருந்து 4 கிராம்தான், இனிப்பு சேர்க்காத தயிர் மேல் போட்டுச் சாப்பிடலாம். பட்டைத்தூள் தூவினால் மணத்தினாலேயே இனிப்பு கூடினமாதிரி தோன்றும் (அது சுகரைக் குறைக்கும் என்று நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அப்படி நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்). மாம்பழம், அன்னாசி மாதிரியானவற்றை மிளகாய், வினிகரோடு சமைத்துச் சுட்ட மீனுக்கோ கோழிக்கோ தொட்டுக்கொள்ளலாம். காரமும் புளிப்பும் இருப்பதால் கை தானாகவே அளவாக எடுக்கும். வாழைப்பழக் கேக்கை "சர்க்கரை இல்லாதது" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களிடம் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன், உள்ளே மைதாவும் நன்றாகப் பழுத்த பழமும் இருக்கும்போது அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?

பையின் பின்பக்கத்தையும் படியுங்கள். சேர்மானப் பட்டியலில் பழத்தைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது, சிரப்பில் ஊறவைத்த வகையும் அதே ஃப்ரீசரில்தான் விற்கிறது. உருகவைப்பதை ஃப்ரிட்ஜுக்குள்ளேயே செய்யுங்கள். உறைநிலை கிருமிகளைக் கொல்வதில்லை, உறைந்த பெர்ரிகளால் ஹெபடைடிஸ் ஏ (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) பரவிய சம்பவங்கள் உண்டு, எனவே எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஒரு நிமிடமாவது கொதிக்கவைத்துச் சாப்பிடுவது நல்லது. இன்சுலின் போடுபவர்களுக்கு ஒன்று: சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் இந்தப் பழத்தைத் தேடாதீர்கள், அந்த நேரத்துக்குக் குளுக்கோஸ்தான்.

அந்த மாம்பழக்காரர் மீதியை 80 கிராம் வீதம் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி ஃப்ரீசரில் வைத்திருக்கிறார், ஒரு நாளைக்கு ஒன்றுதான், ஸ்மூத்தி இல்லை. ஃப்ரீசரிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வைத்துவிட்டுச் சாப்பிட்டால் தேன் இல்லாமலே நன்றாக இனிக்கிறதாம்.