பயந்து ஓட்டினால் ஒட்டும்

கம்ப்யூட்டர் சொல்படி உலோகத்தைச் செதுக்கும் சி.என்.சி. மில்லிங் மிஷினில் அலுமினியம் ஓடும்போது சத்தம் சீராக வந்துகொண்டிருக்கும். திடீரென்று அது கரகரக்கும், அடுத்த நொடி 'டக்'. நிறுத்திப் பார்த்தால் சுழன்று வெட்டும் டூலான 6 மி.மீ. எண்ட் மில் ஒடிந்து கிடக்கும். அந்தத் துண்டை எடுத்துப் பாருங்கள். பற்களுக்கு நடுவே சுருண்டு ஏறும் பள்ளமே காணாமல் போயிருக்கும். ஈயம் காய்ச்சி ஊற்றினதுபோல் அலுமினியம் அதை அடைத்திருக்கும்.

பட்டறையில் இதை 'உருகி ஒட்டிக்கிச்சு' என்போம். உண்மையில் உருகத் தேவையில்லை. அதிகம் புழங்கும் 6061 கலவை உருகத் தொடங்கவே சுமார் 580 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதற்கு வெகு முன்பே இளகிவிடும். ஒட்டுவதற்கு அந்த இளக்கம் போதும்.

இன்னொரு காரணம் கொஞ்சம் சுவாரசியமானது. காற்று பட்ட மாத்திரத்தில் அலுமினியத்தின் மேல் ஆக்சைடு தோல் ஒன்று படிந்துவிடும். கனம் சில நானோமீட்டர்தான், ஆனால் கண்டதோடும் ஒட்டாமல் அலுமினியத்தைக் காப்பது அதுதான். டூல் சீவும் இடத்திலோ காற்று நுழைய வழியில்லை. தோலுரிந்த புது உலோகம் கடும் அழுத்தத்தில், சூட்டோடு, டூலின் முனைமேல் தேய்கிறது. ஒட்டாமல் என்ன செய்யும்? முதலில் முனையில் ஒரு பொட்டு. அப்புறம் அந்தப் பொட்டின்மேல் அலுமினியமே அலுமினியத்தோடு சேரும். முனை மழுங்கும், சூடு ஏறும், இன்னும் ஒட்டும்.

டூல் ஒடிகிறதே என்று பயந்து, ஸ்பீடை (டூல் சுழலும் வேகம்) அப்படியே விட்டுவிட்டு ஃபீடை (டூல் முன்னேறும் வேகம்) மட்டும் குறைப்பதுதான் புதிதாக ஓட்டுபவர்கள் செய்வது. நானும் செய்திருக்கிறேன், இரண்டு டூல் போன பிறகுதான் புத்தி வந்தது. வெட்டும்போது பிறக்கும் சூட்டில் பெரும்பகுதியை வெளியே சுமந்து போவது சிப், அதாவது சீவி விழும் துணுக்கு. அது மெலிந்துவிட்டால் யார் சுமப்பது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பல் எண்ட் மில், நிமிடத்துக்கு 10,000 சுற்று (ஆர்.பி.எம்.), ஒவ்வொரு சுற்றிலும் பல்லுக்கு 0.05 மி.மீ. என்றால் ஃபீடு நிமிடத்துக்கு 1,000 மி.மீ. பயந்துபோய் ஃபீடு குமிழை 20 சதவீதத்துக்குத் திருகினால் பல்லுக்கு வருவது 0.01 மி.மீ. எவ்வளவு கூரான முனையும் சில மைக்ரானாவது உருண்டிருக்கும். இவ்வளவு மெல்லிய சீவலை அதனால் ஒழுங்காக வெட்ட முடியாது, உரசத்தான் முடியும். பயமாக இருந்தால் வெட்டும் ஆழத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் ஸ்பீடையும் சேர்த்துக் குறையுங்கள். சிப் தேங்காய்த் துருவல் மாதிரி சின்னச் சின்னச் சுருளாக விழுந்தால் சரி. கோலமாவு மாதிரி தூளாக வந்தால் டூல் உரசுகிறது என்று அர்த்தம்.

சரி, நல்ல சிப்பாகவே வந்தாலும் அது வெளியே போக வேண்டுமே. திட உலோகமாக இருந்ததைவிட, வெட்டிய பின் சிப் பல மடங்கு இடத்தை அடைக்கும். ஸ்டீலுக்கு வைத்திருக்கும் நாலு பல் டூலில் அதற்கு இடம் போதாது. அலுமினியத்துக்கு இரண்டு அல்லது மூன்று பல்தான் தோது. ஸ்டீல் வெட்டும் அந்த டூலில் அலுமினியம் கலந்த கோட்டிங்கும் இருந்தால் இன்னும் வம்பு, இனம் இனத்தோடு சேரும். கோட்டிங்கே இல்லாமல் பளபளவென்று பாலிஷ் போட்டது தேவலை.

ஆழமான ஸ்லாட், அதாவது நீளவாக்கில் வெட்டும் பள்ளம்தான் ஆபத்தான இடம். விழுந்த சிப் அங்கேயே கிடக்க, அடுத்த பல் அதையே திரும்ப வெட்டி நசுக்கும். வெட்டும் இடத்தில் ஊற்றும் கூலண்ட் திரவத்துக்குச் சூட்டைத் தணிப்பதோடு, வழுக்கலாக்கும் வேலையும் சிப்பை அடித்துக்கொண்டு போகும் வேலையும் உண்டு. கூலண்ட் வசதி இல்லாத சின்ன மிஷினில் டூல் முனையைப் பார்த்து ஒரு ஏர் குழாய் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஸ்லாட்டின் அகலத்தைவிடச் சிறிய டூலைப் போட்டு, வட்டம் வட்டமாகச் சுற்றியபடி முன்னேற விட்டால் சிப் விழவும் இடம் கிடைக்கும்.

ஒட்டியும் ஒடியாமல் தப்பிய கார்பைடு (கெட்டியான டங்ஸ்டன் சேர்மம்) டூல் இருந்தால் எறிய வேண்டாம். காஸ்டிக் சோடா கரைசலில் போட்டால் அலுமினியம் நுரைத்துக் கரையும், கார்பைடுக்கு ஒன்றும் ஆகாது. எழும் குமிழி ஹைட்ரஜன். அதனால் காற்றோட்டமான இடத்தில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். நுரை அடங்கியதும் நன்றாகக் கழுவி, லென்ஸில் முனையைப் பாருங்கள். பல்லில் பொக்கை இல்லையென்றால் மறுபடி மாட்டலாம்.