கடலோரத்தின் கடைமடை

புதுச்சேரிக்கு வடக்கே இருக்கும் மீனவ ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். சின்ன வயதில் வலை காயப்போட்டு, படகு ஏற்றி, கபடியும் ஆடிய கரை இன்று இல்லையாம். வீட்டுச் சுவரிலேயே அலை அடிக்கிறதாம். "பெரியவர்கள் கடலம்மா கோபம் என்கிறார்கள். காலேஜ் படிக்கும் என் மகன் பருவநிலை மாற்றம் என்கிறான். யார் சொல்வது சரி?"

மகன் சொல்வதில் உண்மை இருக்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 செ.மீ. ஏறியிருக்கிறது. 2006க்குப் பிறகு ஆண்டுக்கு 3.7 மி.மீ. என்ற வேகத்துக்கு வந்துவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் ஊரில் கரை தேய்ந்த அதே வருடங்களில், சில கிலோமீட்டர் தெற்கே வீராம்பட்டினத்தில் மணல் சேர்ந்திருக்கிறது. கடல் மட்டம் ஏறுவது மட்டும் காரணமென்றால் இரண்டு ஊருக்கும் ஒரே கதிதானே வந்திருக்க வேண்டும்? கடலம்மாவுக்கும் இந்த ஓரவஞ்சனை கிடையாது.

கரையை ஒட்டி ஒரு மணல் ஆறு ஓடுகிறது. அதை மறித்துவிட்டோம். விஷயம் அதுதான். இந்த ஆறு எப்படி ஓடுகிறது என்பதை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

அலை கரைக்கு நேராக வருவதில்லை, கொஞ்சம் சாய்ந்து வருகிறது. ஆழம் குறையக் குறைய அலையின் வேகமும் குறையும் என்று பள்ளியில் படித்திருப்போம். அதனால் முதலில் கரையை நெருங்கும் முனை தயங்க, ஆழத்தில் இருக்கும் மறுமுனை எட்டிப் பிடிக்க, அலை மெல்லத் திரும்பிக் கரைக்கு இணையாகப் பார்க்கிறது. ஆனால் முழுதாகத் திரும்புவதற்குள் உடைந்துவிடுகிறது. அந்த மிச்சச் சாய்வில்தான் எல்லாமே இருக்கிறது. உடைந்த அலை சாய்வாகவே மணல்மேட்டில் ஏறி, ஒரு மணல் துகளையும் தூக்கிக்கொண்டு போகிறது. வேகம் தீர்ந்ததும் நீர் திரும்ப வேண்டும். திரும்பும்போது அதற்கு வந்த வழி நினைவில்லை. புவியீர்ப்பு எங்கே இழுக்கிறதோ அங்கே, சரிவில் நேராக இறங்கிவிடுகிறது. துகள் ஏறியது சாய்வாக, இறங்கியது நேராக. ஆக, பழைய இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வந்து நிற்கிறது. அடுத்த அலையில் இன்னொரு சாண். ரம்பத்தின் பற்களைப் போல ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அந்தத் துகள் கரையோரமாகவே ஊர் ஊராகப் போகிறது.

இது கண்ணுக்குத் தெரியும் பாதி. அலை உடையும் பட்டையில் மணல் கலங்கி மிதக்கிறது அல்லவா? சாய்ந்து வரும் அலைகள் எல்லாம் சேர்ந்து அங்கே நீரைக் கரையோரமாகவே தள்ளி ஒரு ஓட்டத்தை உண்டாக்குகின்றன. மிதக்கும் மணலும் அந்த ஓட்டத்தோடு போகிறது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஆடி மாதத்தில், காற்று அதிகமில்லாத ஒரு காலை நேரத்தில், நனைந்து கனத்த தேங்காய் மட்டை ஒன்றை அலை உடையும் இடத்தில் போட்டுவிட்டு அதற்கு நேராகக் கரையில் நடந்து வாருங்கள். நம் கிழக்குக் கரையில் பெரும்பாலும் அது வடக்கே போகும். மார்கழியில் வாடை அடிக்கும்போது போட்டால் தெற்கே போகும். தெற்கிலிருந்து வரும் அலைகள் மார்ச் முதல் அக்டோபர் வரை நீடிப்பதால், வருடக் கணக்குப் பார்த்தால் மணல் வடக்கு நோக்கித்தான் நகர்கிறது. சில லட்சம் கனமீட்டர் மணல், ஆண்டுதோறும்.

இனி மீதிக் கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். 1980களின் பின்பாதியில் புதுச்சேரியில், அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டினார்கள். கடலுக்குள் நீண்ட அலைத் தடுப்புச் சுவர்கள் மணல் ஆற்றுக்கு அணையாயின. தெற்கே மணல் தேங்கியது. வடக்கே அலைகளின் வலு கொஞ்சமும் குறையவில்லை, ஆனால் தெற்கிலிருந்து வர வேண்டிய மணல் வரவில்லை. வழக்கமாகச் சுமக்கும் மணலை அலை அந்தந்த ஊர்க் கரையிலிருந்தே எடுத்துக்கொண்டது. புதுச்சேரி நகரம் தன் கடற்கரையை இழந்து, கருங்கல்லைக் கொட்டிக் காத்துக்கொண்டது. அரிப்பு அங்கே நிற்கவில்லை, குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், அப்புறம் எல்லை தாண்டி தமிழ்நாட்டின் கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வடக்கே ஏறியது. வாய்க்காலில் மேல்மடைக்காரர் அடைத்தால் கடைமடை காய்கிற அதே கணக்கு.

ஒவ்வொரு ஊரும் கேட்பது தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவர். கேட்பதில் தவறே இல்லை, வீடு போகிறவர் வேறென்ன கேட்பார்? ஆனால் தூண்டில் வளைவும் ஒரு குட்டி அணைதான். தனக்குத் தெற்கே மணலைப் பிடித்து வைத்து, வடக்கே இருப்பவருக்குப் பசியை அனுப்பிவிடும். அவரும் ஒன்று கேட்பார். இதை நாம் முன்பே பார்த்திருக்கிறோம். 1870களில் தொடங்கிய சென்னைத் துறைமுகம்தான் தெற்கே மெரினாவை இவ்வளவு அகலமாக்கியது. வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன.

இப்போது வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நந்தி மலைப் பக்கம் கர்நாடகத்தில் பிறக்கும் தென்பெண்ணை, மணலைச் சுமந்து வருகிறது. சாத்தனூர் போன்ற அணைகளில் பெருமளவைப் பறிகொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கடலூர்ப் பக்கம் கடலில் சேர்க்கிறது. அந்த மணல் புதுச்சேரியைத் தாண்டி, விழுப்புரம் மாவட்டத்தைத் தாண்டி, காலாப்பட்டில் மறுபடி புதுச்சேரிக்குள் நுழைந்து, மறுபடி தமிழ்நாட்டுக்குள் வர வேண்டும். தண்ணீர் இப்படி மாநிலம் விட்டு மாநிலம் போனால் அதற்கு 1956லேயே சட்டம் போட்டோம். காவிரிக்கு நடுவர் மன்றமும் ஆணையமும் வந்தன. மணல் ஆற்றுக்கு அப்படி ஒன்றுமில்லை. தமிழ்நாட்டுக்கு ஒரு கடலோர மண்டல மேலாண்மை ஆணையம், புதுச்சேரிக்கு இன்னொன்று. கோடு போட்டு நிலத்தை ஆளத் தெரிந்த அளவுக்கு, நகர்ந்துகொண்டே இருக்கும் கரையை ஆள நாம் பழகவில்லை என்பது என் கருத்து.

ஆஸ்திரேலியாவில் இதே சிக்கல், இதே திசை. நியூ சவுத் வேல்ஸ் மாநில ஓரத்தில் ட்வீட் ஆற்று முகத்துவாரம். 1960களின் தொடக்கத்தில் அங்கே சுவர்களை நீட்டினார்கள். வடக்கே அடுத்த மாநிலமான குயின்ஸ்லாந்தின் கிர்ரா கடற்கரை தேய்ந்தது. இரண்டு மாநிலங்களும் ஒப்பந்தம் போட்டு, 2001 முதல் சேர்ந்தே ஒரு வேலை செய்கின்றன. முகத்துவாரத்துக்குத் தெற்கே கடலுக்குள் நீளும் ஒரு மேடைப்பாலம். அதன் கீழே மணலுக்குள் புதைந்த பம்புகள். ஒவ்வொன்றும் குறுகிய மூக்கு வழியே தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுகிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும், சுற்றியுள்ள மணல் நீரோடு சேர்ந்து உறிஞ்சப்படும். கடலடியில் புனல் போலக் குழி விழுகிறது. அந்தக் குழியை நிரப்ப ஆளே வேண்டாம், வடக்கே போகும் மணல் தானாக வந்து விழுகிறது. பிறகு குழாய் வழியே ஆற்றுக்கு அடியில் புகுந்து, அடுத்த மாநிலத்தின் கரையில் கொட்டுகிறது. ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கனமீட்டர். பத்து கனமீட்டர் லாரி என்றால் ஐம்பதாயிரம் நடை.

குறையே இல்லாமல் இல்லை. தொடக்க வருடங்களில் பழைய பாக்கியையும் சேர்த்துக் கொட்டியதில் கிர்ராவில் மணல் மிதமிஞ்சிப் போய், பேர்பெற்ற அலை கெட்டுவிட்டதென்று அலைச்சறுக்கு வீரர்கள் கொதித்தார்கள். அளவைத் திருத்திக்கொண்டார்கள்.

புதுச்சேரித் துறைமுகத் திட்டத்திலும் மணலை இப்படி வடக்கே கடத்தும் ஏற்பாடு இருந்தது, ஒழுங்காக நடக்கவில்லை என்பதுதான் வேதனை. சுவர் ஒருமுறை கட்டினால் போதும், அடிக்கல்லில் பெயரும் நிற்கும். பம்பு தினமும் ஓட வேண்டும், வருடா வருடம் கரண்ட் பில் கட்ட வேண்டும். கரையின் அகலத்தை மாதாமாதம் அளப்பதும் இப்படித்தான், முப்பது வருடம் விடாமல் அளந்தால்தான் பயன். இதற்குப் பணம் ஒதுக்கத் தயங்குகிறோம். தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான கரையை ஆராய்ந்ததால்தான், தமிழ்நாட்டுக் கரையில் 42.7 சதவீதம் அரிக்கப்படுகிறது என்று இன்று அடித்துச் சொல்ல முடிகிறது. 2018ல் புதுச்சேரி நகரக் கரைக்கு எதிரே, ஆப்பு வடிவத்தில் எஃகுத் தடை ஒன்றை நீருக்குள் இறக்கினார்கள். அலை அதன்மேல் உடைந்து தளர்வதால் நகரத்தில் மணல் திரும்பியிருக்கிறது. வடக்கே இருக்கும் ஊர்களின் பங்கு இன்னும் பாக்கி.

உங்கள் மகனிடம் ஒன்று சொல்லுங்கள். புயல் வரும்போது மணற்கரை தன் மணலைக் கொஞ்சம் கடலுக்குள் அனுப்பி, அங்கே ஒரு திட்டு கட்டும். பெரிய அலைகள் அதில் மோதித் தூரத்திலேயே உடையும். கடல் அடங்கிய பிறகு சின்ன அலைகள் அந்த மணலைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். மட்டம் ஏறும் கடலுக்கு ஈடுகொடுக்க நம்மிடம் இருக்கும் மிக நல்ல ஏற்பாடு அதுதான், மணல் கையிருப்பில் இருக்கும் வரை.

அந்தத் தேங்காய் மட்டையையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் எத்தனை அடி போனது, எந்தப் பக்கம் போனது, அன்று காற்று எப்படி என்று தேதியோடு குறித்து அனுப்பினால் மகிழ்வேன்.