கச்சேரிக்குப் போன அப்பப்பா

போன மாதம் நாங்கள் நான்கு குடும்பத்தார் ஒரு கோப்பிக்கடையில் உட்கார்ந்து அழைப்பிதழ் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் நால்வரும் ஒரே ஆசிரியையிடம் வீணை கற்கிறார்கள். கோயில் மண்டபத்தில் ஒரு மணி நேரம் வாசிக்கப் போகிறார்கள், அவ்வளவுதான் விஷயம். "வீணைக் கச்சேரி" என்று நான் எழுதியதும் ஓர் அப்பா தேத்தண்ணிக் குவளையை வைத்துவிட்டு, "கச்சேரி தமிழ் இல்லைங்களே, மாத்திடலாமே" என்றார்.

அவர் சொன்னது சரி. ஆனால் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டவர் எதிரே இருந்த அக்கா. யாழ்ப்பாண வம்சாவளி, மூன்றாம் தலைமுறைச் சிங்கப்பூரர். "எங்கட அப்பப்பா காணி விசயமா அடிக்கடி கச்சேரிக்குப் போய் வந்தவராம். சின்னப்பிள்ளையில நான் அவர் பெரிய சங்கீத ரசிகர் எண்டு நினைச்சிட்டன்!"

அந்த அப்பப்பா, அதாவது அப்பாவின் அப்பா, போனது அரசாங்க அலுவலகத்துக்கு. இலங்கைத் தமிழில் கச்சேரி என்றால் இன்றைக்கும் மாவட்டச் செயலகம்தான். பாட்டு அங்கே இரண்டாவது பொருள். தமிழ்நாட்டு வழியில் வந்த நமக்கோ பாட்டுதான் முதலில் நினைவுக்கு வருகிறது, அலுவலகம் மறந்தே போய்விட்டது. முழுக்க மறக்கவில்லை என்றும் சொல்லலாம். சொத்துத் தகராறில் மாட்டியவரைப் பற்றி "கோர்ட்டு கச்சேரின்னு அலையிறார்" என்கிறோமே, அந்தக் கச்சேரியில் மிருதங்கம் கிடையாது. கலெக்டர் கச்சேரி, தாலுக்கா கச்சேரி என்பதெல்லாம் நம் தாத்தா காலத்தில் அன்றாடப் பேச்சு. சென்னை மயிலாப்பூரில் கச்சேரி சாலை என்று ஒன்று இருக்கிறது. சபாக்கள் நிறைந்த ஊராயிற்றே, பாட்டுக்காக வைத்த பெயர் என்று நினைக்கத் தோன்றும். அதுவும் ஆபீஸ் கச்சேரிதான்.

சொல்லின் ஊர் வடக்கு. இந்தியிலும் உருதுவிலும் 'கச்சஹ்ரி' என்றால் நீதிமன்றம் அல்லது அரசு அலுவலகம். மராத்தியில் அது 'கச்சேரி'. வரி வசூல், நிலக்கணக்கு, வழக்கு விசாரணை ஆகியவற்றோடு தெற்கே இறங்கிய நிர்வாகச் சொற்களில் இதுவும் ஒன்று. தாசில்தார், ஜில்லா, வக்கீல், அமீனா எல்லாம் இதன் கூடப் பிறந்தவை மாதிரி. கிழக்கிந்தியக் கும்பெனி ஆட்களும் இதை எடுத்துத் தங்கள் மொழியில் எழுதிக்கொண்டார்கள்.

எனக்கு வியப்பாக இருப்பது இதற்கு அடுத்த கட்டம். வடக்கே இந்தச் சொல் கடைசிவரை பாடவே இல்லை. அங்கே பாட்டுக்கூட்டம் என்றால் மெஹ்ஃபில், கச்சஹ்ரி என்றால் வழக்கு. தெற்கே வந்த பிறகுதான் அதற்குக் குரல் கிடைத்தது. தமிழில் மட்டும் இல்லை. தெலுங்கு, கன்னடம், மலையாளம் மூன்றிலும் இசை நிகழ்ச்சிக்கு இதே சொல் உண்டு. கன்னடத்தில் அலுவலகத்துக்கும் இதே சொல்தான், இன்றும்.

அலுவலகம் எப்படிப் பாட்டானது? என் கணிப்பு இது. கச்சேரி என்பது கட்டடத்தின் பெயர் மட்டும் இல்லை, அதில் கூடியிருப்பவர்களின் பெயரும் ஆனது. நடுவில் ஒரு பெரியவர், சுற்றி நாலு பேர், எல்லாருக்கும் முன்னால் ஒருவர் வாய் திறக்கிறார். காலையில் அவர் மனுதாரர், மாலையில் பாடகர். உட்காரும் ஒழுங்கு ஒன்றுதான். இப்படி நடப்பது நமக்குப் புதிதும் இல்லை. மன்றம் என்ற சொல்லைப் பாருங்கள்: நீதிமன்றமும் அதுதான், பட்டிமன்றமும் அதுதான். தர்பார் என்பது அரசவை, கர்நாடக இசையில் அதே பெயரில் ஒரு ராகமும் இருக்கிறது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. கோர்ட்டைப் போலவே கச்சேரிக்கும் நடைமுறை இருக்கிறது. இன்று நாம் கேட்கும் வரிசைக்கு வடிவம் தந்தவர் என்று பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள். முதலில் வர்ணம், பிறகு கீர்த்தனைகள், நடுவே விரிவான ஓர் உருப்படி, அதையொட்டி மிருதங்கம் போன்ற தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம், அப்புறம் துக்கடாக்கள் என்னும் சின்னப் பாட்டுகள், முடிவில் மங்களம். தனி ஆரம்பித்ததும் எழுந்து காப்பிக்குப் போவது இந்த நடைமுறையில் எழுதப்படாத விதி. சிங்கப்பூரிலும் அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறோம்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? இசையரங்கு. எனக்குப் பிடித்த சொல் இது. கவியரங்கம், கருத்தரங்கு எல்லாம் ஏற்கெனவே நாக்கில் இருப்பதால் உறுத்தாது. அரங்கு இன்று நேற்று வந்த சொல்லும் இல்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய அரங்குக்கு அளவே கொடுத்திருக்கிறார்கள். இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல். அந்தக் கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். பிள்ளைகளின் அரங்கேற்றத்துக்கு அழைப்பு வரும்போதெல்லாம் நாம் சொல்வது இந்த அரங்கைத்தான். 'இசை நிகழ்ச்சி' என்றும் போடுகிறார்கள். தவறில்லை, ஆனால் அது எதற்கும் பொருந்தும், சினிமாப் பாட்டு மேடைக்கும்கூட. ரசிகருக்குச் சுவைஞர், சபாவுக்கு அவை, ராகத்துக்குப் பண் என்று வரிசை நீளும். பண் மட்டும் கொஞ்சம் கவனம்: தேவாரப் பண்ணும் இன்றைய ராகமும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் நிற்பவை, ஒன்றேயல்ல.

ஆனால் இசையரங்கு என்றதும் உயர்ந்த மேடையும் விளக்கும் கண்ணில் வருகின்றன. எஸ்பிளனேட் கலை மையத்தில் 1,600 பேர் உட்காரும் கூடத்தில் நடப்பதற்கு அது கச்சிதம். நம் ஊரில் இசை எல்லா நாளும் அங்கேயே நடப்பதில்லையே. நவராத்திரிக்குக் கோயிலில் பாயில் உட்கார்ந்து கேட்பது, வீட்டுக் கூடத்தில் கொலு முன்னால் பாடுவது, இதற்கெல்லாம் அரங்கு கொஞ்சம் பெரிய சட்டை. 1949இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகத்தில் படித்த பிள்ளைகளே இப்போது பாட்டி ஆகிவிட்டார்கள். அவர்கள் பேத்திக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மேடையும் இல்லை, அழைப்பிதழும் இல்லை.

ஒருநாள் காலை எம்ஆர்டி ரயிலில் என் எதிரே ஒருவர். காதில் கருவி, மடியில் அலுவலகப் பை, பையின் மேல் வலது கை. உள்ளங்கையால் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அப்புறம் ஒரு தட்டு, ஒரு திருப்பு, மறுபடி ஒரு தட்டு, ஒரு திருப்பு. எட்டு எண்ணிக்கை, ஆதி தாளம். என்ன பாட்டென்று எனக்குக் கேட்கவில்லை. கதவு திறந்து கூட்டம் ஏறி, பக்கத்தில் நின்றவர் பை இடித்தபோதுகூட விரல் நடுவிரலைத் தாண்டி வழுக்கவில்லை. இறங்கும் நிலையம் வந்ததும் எண்ணிக்கை முடியும்வரை காத்திருந்து, கடைசித் திருப்பைப் போட்டுவிட்டுத்தான் எழுந்தார். இதை இசையரங்கு என்று சொல்ல முடியாது. கச்சேரி என்றால் பொருந்துகிறது, ஆள் ஒருவரே என்றாலும்.

ஆகவே எங்கள் கணக்கு இப்படி முடிந்தது: அச்சில் 'வீணை இசையரங்கு', வாயில் கச்சேரி. தமிழ் வேண்டும் என்ற அப்பாவுக்கும் திருப்தி. அக்காவோ, "அப்ப எங்கட அப்பப்பா போனதுக்கு என்ன பேர் வைக்கப் போறியள்?" என்று சிரித்தார்.

அழைப்பிதழைக் கைப்பேசியில் மகளிடம் காட்ட வீட்டுக்கு வந்தேன். அவள் அறையில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக வீணை உறையை விட்டு வெளியே வரவில்லை என்பது அதன் மேல் கிடந்த பள்ளிச் சீருடையிலேயே தெரிந்தது. சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது: "அப்பா வந்தாச்சு. வா வெளியே, உனக்கு இருக்கு இன்னைக்குக் கச்சேரி!"

விசாரணை அரை மணி நேரம் நடந்தது.