"உயிரோடு ஏதாவது கொண்டு வருவீங்களா, டாக்டர்?"

மார்ச் 3 உலகக் காட்டுயிர் நாள். 1973-இல் அதே தேதியில்தான் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2013-இல் ஐ.நா. பொதுச்சபை அதை உலக நாளாக அறிவித்தது. என்னைப் போன்ற காட்டுயிர் மருத்துவர்களுக்கு இதனால் ஒரு விளைவு உண்டு. பிப்ரவரி பாதியிலேயே பள்ளிகளிலிருந்து போன் வரத் தொடங்கிவிடும். பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் பேச முடியுமா? தாராளமாக. அப்புறம் ஒரு சின்ன இடைவெளி விட்டு அந்தக் கேள்வி வரும்: "உயிரோடு ஏதாவது கொண்டு வருவீங்களா, டாக்டர்? பாம்பு மாதிரி?"

மாட்டேன். பல வருஷமாகச் சிரித்துக்கொண்டே மறுத்துவந்தேன். போன மாதத்திலிருந்து சிரிப்பு வருவதில்லை.

போன மாதம் ஒரு பள்ளியிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். எட்டு வயதுப் பையன், டிபன் டப்பாவுக்குள் ஒரு பாம்புக் குட்டி. மூடியில் காம்பஸ் முனையால் நாலு ஓட்டை போட்டிருந்தான், அது மூச்சு விடட்டும் என்று. அவன் கட்டைவிரலில் வளைவாகப் பொடிப்பொடியாய்ப் பல்தடம். குட்டி விஷமில்லாத இனம்தான். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் பையனை மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தேன். போவதற்கு முன் கேட்டேன், "எப்படிடா பிடிச்சே?" செய்து காட்டினான். இடது கையில் வால், வலது கையில் உடம்புக்குக் கீழே கொடுக்க ஒரு குச்சி. தொழில்முறையில் பிடிப்பவர்கள் செய்வது அப்படியே. "அந்த அங்கிள் இப்படித்தான் பிடிச்சாரு."

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒருவர் வந்து பாம்பைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். 'நீங்கள் யாரும் இப்படிச் செய்யக் கூடாது' என்று பத்துத் தடவை சொன்னாராம். சொல்லியிருப்பார், நம்புகிறேன். பையனுக்கு அதில் ஒரு தடவைகூட நினைவில்லை. அவரது கையின் அசைவு மட்டும் அச்சுப் பிசகாமல் நினைவிருந்தது.

இந்த வருஷத்தில் இது மூன்றாவது. அதனால்தான் எழுதுகிறேன்.

"தொட்டுப் பார்த்தால் பயம் போகும், பயம் போனால் அன்பு வரும்." இதைச் சொல்லாத ஆசிரியர் இல்லை. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தப் பயம் போகிறது என்று யோசித்தீர்களா? எட்டு வயதுக் குழந்தைக்குப் பாம்பு என்றால் பாம்பு. இந்த இனம், அந்த இனம் என்ற பிரிவெல்லாம் கிடையாது. விஷமில்லாத ஒன்றைத் தடவிக் கொடுத்த குழந்தைக்கு அந்த ஒன்றின் மேல் மட்டும் பயம் போகாது, எல்லாவற்றின் மேலும் போய்விடும். பாம்புக்கடியால் ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2017-இல் அதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலிலேயே சேர்த்தார்கள். இந்த லட்சணத்தில் குழந்தையின் பயத்தை நான் எதற்குப் போக்க வேண்டும்? அளவான பயம் இருக்கட்டும். பார்த்த இடத்தில் அடித்துக் கொல்லும் வெறுப்புதான் போக வேண்டும். பயம் வேறு, வெறுப்பு வேறு. இதை ஆசிரியர்களுக்கு விளக்கத்தான் எனக்குப் பாதி நேரம் போகிறது. குழந்தைகளுக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடுகிறது.

சரி, அன்பாவது வருகிறதா? ஸ்லோ லோரிஸ் என்ற, தேவாங்குக்கு உறவான விலங்குக்குக் கிச்சுகிச்சு மூட்டும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அது இரண்டு கைகளையும் மேலே தூக்கும், பார்ப்பவர்கள் 'ஐயோ, செல்லம்' என்பார்கள். அதன் முழங்கைக்கு உட்புறம் ஒரு சுரப்பி உண்டு. அதை நக்கி எச்சிலோடு கலந்தால் கடி விஷக்கடியாகும். கையைத் தூக்குவது கடிக்கத் தயாராகும் நிலை. அது பயந்து நடுங்கியதைத்தான் நாம் கொஞ்சல் என்று நினைத்து லைக் போட்டோம். வகுப்பறைக்கு வரும் விலங்குகளின் கதையும் இதுதான். ஆந்தை உடம்பை ஒடுக்கி மெலிந்து நீண்டு நிற்கும், 'எவ்வளவு சமத்தா நிக்குது பாருங்க' என்பார்கள். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும், 'வெட்கப்படுது' என்பார்கள். பாம்பு அசையாமல் கிடந்தால் 'பழகிடுச்சு'. என் மேஜைக்கு வரும்போது அவற்றின் நிலையை நான் பார்க்கிறேன். அசையாமல் கிடப்பதையெல்லாம் அமைதி என்று நினைக்காதீர்கள்.

'விஷப் பல்லைப் பிடுங்கியாச்சு டாக்டர், ஒண்ணும் செய்யாது' என்று சமாதானம் சொல்வோர் தனி ரகம். ஒரு பல் போனால் பின்னாலேயே அடுத்தது வரிசையில் நிற்கிறது, சில வாரங்களில் அந்த இடத்துக்கு வந்துவிடும். விஷச் சுரப்பி எங்கும் போகவில்லை. நடுவில் வாய் புண்ணாகி இரை எடுக்காமல் பாம்பு சாகும். அதுவரை குழந்தைகள் அதோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

கடிக்காத விலங்கு என்றால் பரவாயில்லையா? ஊர்வன பார்க்க ஆரோக்கியமாக இருந்துகொண்டே வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லாக் கிருமியைச் சுமக்கும். குழந்தைகளிடையே தொற்று அதிகமானதால்தான் 4 அங்குலத்துக்கும் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்க அமெரிக்கா 1975-இல் தடை போட்டது. சின்ன ஆமை குழந்தையின் வாய்க்குள் போகும், அவ்வளவுதான் விஷயம்.

இன்னொன்று. தயவுசெய்து அந்த 'முக்கோணத் தலை என்றால் விஷம்' ஸ்லைடை அழித்துவிடுங்கள். நாகங்கள், கட்டுவிரியன்கள், பவளப் பாம்புகள் எதற்கும் முக்கோணத் தலை கிடையாது. விஷமில்லாத பாம்புகள் பல, மிரண்டால் தலையைத் தட்டையாக்கி முக்கோணமாய்க் காட்டும். அதாவது, அந்த விதியை நம்பும் குழந்தை கொல்லக்கூடியதைத் தொடும், அப்பாவியை அடிக்கும். விஷமா இல்லையா என்று தீர்மானிக்கும் வேலையை எட்டு வயதிடம் ஏன் கொடுக்கிறீர்கள்? நில், பின்னால் நகர், பெரியவரைக் கூப்பிடு. எந்த இனமானாலும் இதுவே. செத்துக் கிடந்தாலும் இதுவே. செத்த பாம்பின் தலை கொஞ்ச நேரத்துக்கு அனிச்சையாகக் கடிக்கும்.

பின்னே நான் எதைத்தான் கொண்டு போகிறேன்? ஒரு பாம்புச் சட்டை, ஒரு ஆந்தை இறகு, ஒரு புறா இறகு, சூட்டில் கிருமி நீக்கிய சில ஆந்தை உருண்டைகள். ஆந்தை செரிக்காத எலும்பையும் முடியையும் உருட்டிக் கக்கியதுதான் உருண்டை. ஒவ்வொரு குழுவுக்கும் ஒன்று கொடுத்துப் பிரிக்கச் சொன்னால் எலியின் மண்டை ஓடு, மஞ்சள் பூத்த பல் எல்லாம் வரும். அந்த இருபது நிமிடத்துக்கு வகுப்பில் எனக்கு வேலையே இருக்காது. இறகுக்குக் கண்ணை மூடச் சொல்வேன். காதருகே புறா இறகை வீசினால் 'விஷ்' என்று கேட்கும். ஆந்தை இறகை வீசினால், "வீசுங்க டாக்டர்" என்பார்கள், ஏற்கெனவே வீசி முடித்திருப்பேன். அப்புறம் இறகின் முன் விளிம்பைச் சீப்புப் பல் போல லென்ஸில் காட்டினால் போதும். (பல நாடுகளில் காட்டுப் பறவையின் இறகை வைத்திருக்கவே அனுமதி வேண்டும். என்னிடம் காகிதம் இருக்கிறது, உங்களிடம் இல்லாவிட்டால் பொறுக்கிச் சேர்க்காதீர்கள்.)

சட்டையில்தான் அதிக நேரம் போகும். காலுறையைக் கழற்றுவது போல உள்வெளியாக உரிந்திருக்கும். அளந்து பாம்பின் நீளம் சொல்லாதீர்கள், உரியும்போது அது இழுபடும். தலைப் பக்கம் இரண்டு கண்ணாடிச் சில்லுகள் போலத் தெரியும். கண்ணை மூடியிருந்த செதில் அது, சட்டையோடு சேர்ந்தே உரிகிறது. ஒரு சிறுமி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கேட்டாள்: "அப்போ பாம்பு கண்ணை மூடவே மூடாதா?" இமையே இல்லையம்மா. "அப்போ தூங்குதா முழிச்சிருக்கான்னு எப்படித் தெரியும்?" பார்த்து மட்டும் சொல்வது எங்களுக்கே கஷ்டம் என்றேன். மற்றவர்கள் உயிருள்ள பாம்பைக் கொண்டுவந்த எந்த வகுப்பிலும் இப்படிக் கேள்வி வந்து நான் பார்த்ததில்லை. அங்கே "கடிக்குமா?", "நான் தொடவா?" இரண்டுதான்.

கூப்பிடுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பள்ளி முழுவதையும் வெயிலில் உட்கார வைக்காதீர்கள், ஒரு வகுப்பு போதும். ஆசிரியர் கூட இருக்க வேண்டும், பின் பெஞ்சில் நோட்டுத் திருத்திக்கொண்டு அல்ல. படத்தில் பாம்பு வந்ததும் முதலில் அலறுவது பெரும்பாலும் நீங்கள்தான். குழந்தைகள் திரையைப் பார்ப்பதை விட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். சின்ன வகுப்புகளில் 'எல்லா விலங்கும் அழியப்போகிறது' என்று பயமுறுத்தி அழவைக்க வேண்டாம், அதைத் தாங்குவதற்கு ஒரு வயது வர வேண்டும்.

பேச்சு முடிந்த வாரத்தில் குழந்தைகளுக்கு மீட்பு வேகம் வரும், அட்டைப் பெட்டியில் பறவைக் குஞ்சு வரும். இறகு முளைத்துத் தத்தித் திரியும் குஞ்சு தொலைந்துபோனது அல்ல, பறக்கப் பழகுகிறது. எடுத்த இடத்திலேயே விடச் சொல்லுங்கள். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது பொய். வாயில் தண்ணீரோ பாலோ சொட்டாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும்.

பாம்புக்கடிக்கு முதலுதவியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் மறந்தால்கூட. இறுக்கிக் கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, கடிபட்ட கையை அசைக்காதே, நேராக மருத்துவமனை. பாம்பைத் துரத்திப் பிடித்துக்கொண்டு வர வேண்டாம், இரண்டாவது ஆளும் கடி வாங்கி வருவார்.

மற்றபடி எனக்கு ஒரு மேஜையும் ஒரு ப்ரொஜெக்டரும் போதும். அது வேலை செய்கிறதா என்று மட்டும் முதல் நாளே போட்டுப் பார்த்துவிடுங்கள்.